கண்ணாடி மேல் வைத்த பொட்டு

அன்புள்ள அண்ணா,

நீ கண்ணை மூடிய பிறகு அண்ணி அனுப்பிய பார்சல் போன வாரம் கடல் தாண்டி இங்கே நோபல் பார்க் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அமிர்தசரஸில் ரயில்வே வேலையில் இருந்தபோது நீ வாங்கிய அந்தப் பழைய ஓவியம்தான். கண்ணாடி உடையவில்லை.

உன் பூஜை அலமாரியில், முருகனுக்குப் பக்கத்தில் அதை முதலில் பார்த்தேன். குரு நானக் என்றாய். கலை வரலாறு படித்தவன் விடுவேனா? தலைப்பாகை இல்லை, நெற்றியில் சிவப்புத் திலகம், இது யாரோ வைணவச் சாமியார் என்று உறவுக்காரர்கள் முன்னால் விளக்கினேன். "அப்படியாடா?" என்று சிரித்தாய். அதன் பிறகு என் கடிதம் எதற்கும் நீ பதில் போடவில்லை. படித்ததைச் சொன்னதற்கு அப்படி ஒரு தண்டனையா?

சனிக்கிழமை, என்னோடு கல்லூரியில் பாடம் நடத்தும் ஹர்பஜன் வந்தார். படத்தைக் காட்டியதும் ஷூவைக் கழற்றினார். பக்கத்தில் ரபாப் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பவர் குருவின் தோழர் மர்தானா, ஆகவே இது குருவேதான் என்றார். அந்தக் கால ஓவியர்கள் அவரை நேரில் பார்த்ததில்லையாம். தாங்கள் கண்ட பக்கிரிகளின் குல்லாயையும் ஒட்டுப்போட்ட அங்கியையும் அவருக்குப் போட்டுவிட்டார்களாம். நாம் காலண்டரில் பார்க்கும் முகம் பிறகு வந்ததாம்.

கிட்டே குனிந்தவர், கண்ணாடி மேல் இது என்ன என்று கேட்டார்.

காபி கொண்டுவந்த சரோஜா என்னைப் பார்த்தாள். "குங்குமம்தான். சாமி படம்னா உங்க அண்ணா பொட்டு வைக்காம விடுவாரா?"

ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டு போயிற்று. ஆனால் கண்ணாடிக்கு உள்ளே, அதே நெற்றியில், மங்கலாக இன்னொரு சிவப்பு.

ஓவியன் தீட்டியதா? சட்டம் போடும் முன்பே நீ வைத்ததா? பழைய படங்கள் சிலவற்றில் குருவுக்குத் திலகம் உண்டு, இதில் எப்படியோ தெரியவில்லை என்றார் ஹர்பஜன். அன்று நான் பார்த்தது எந்தச் சிவப்பை? உன் குங்குமத்தை வைத்து நான் பிரசங்கம் செய்தபோது, தெரிந்தேதான் சிரித்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கண்ணாடியைப் பிரித்தால் தெரிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேஜை மேல் வைத்தேன். சாயமென்றால் அன்று என் கண் பொய் சொல்லவில்லை. குங்குமமென்றால் ஆளிலும் திலகத்திலுமாக இரண்டு முறை ஏமாந்தவன் நான். இரண்டில் எதையும் உன்னிடம் வந்து சொல்ல முடியாதே.

ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைத்துவிட்டேன். படத்தை முன்னறையில் மாட்டியிருக்கிறேன். மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் நான் இருக்கும்வரை அந்தக் கண்ணாடியைப் பிரிக்க மாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் தம்பி