யாருடையது என்று தெரியாத துணிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கு யாரும் காசு கேட்பதில்லை. நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, சர்க்கரை சரியாக இருக்கிறது, ஆள்தான் சரியாக இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ பேசுகிற நேரத்தில் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம். கடைக் கம்ப்யூட்டர் செத்துப்போய்விட்டது. திருட்டுப் போயிருந்தாலாவது திருடனைத் திட்டி மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

உன் சித்தப்பா நம் சலவைக் கடையை நவீனமாக்கியது உனக்குத் தெரியும். ரிமோட்டில் பேட்டரியைச் சரியான பக்கம் போடத் தெரிந்தவர் என்பதால் நம் குடும்பத்தின் கணினி நிபுணர் அவர்தான். அதற்கு முன்பு வருகிற துணியின் காலருக்குள் ஒரு சின்னத் துணி நாடாவைத் தைத்து, அழியாத மையில் சொந்தக்காரர் பெயரை எழுதுவோம் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு, என்னண்ணே இது, பள்ளிக்கூடப் பிள்ளைங்க சட்டை மாதிரி பேரெழுதி வெச்சிருக்கீங்க, ஊரு சிரிக்கும் என்றார். நாடா போய்க் கோடு கோடாக ஸ்டிக்கர் வந்தது. ரசீதும் போயிற்று, துணி தயார், நன்றி என்று போனுக்கு ஒரு செய்தி போகும், அவ்வளவுதான். எந்தக் கோடு யாருடைய துணி என்பது அந்தப் பெட்டி ஒன்றுக்குத்தான் தெரியும். பெட்டி படுத்துக்கிட்டா என்னடா பண்றது என்று அப்பா கேட்காமல் இல்லை. அதற்குத்தான் நகல் என்று சொல்லி, திரையில் இருந்த ஒரு சின்னப் படத்தைக் காட்டி, இதைப் பிடிச்சு இழுத்து பென் டிரைவ்ல போடு, வாரா வாரம் போடு, கண்ணை மூடிட்டுத் தூங்கு என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்தார். அப்பாவும் ஒரு வாரம்கூடத் தவறாமல் இழுத்துப் போட்டு, அதைப் பட்டுத் துணியில் சுற்றி, பீரோவில் என் வளையல் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். என் வளையலைக்கூட அவர் அவ்வளவு பயபக்தியோடு தொட்டதில்லை.

பழுது பார்ப்பவர் வந்து பெட்டியைத் திறந்தார், மூடினார், இதுக்கு உயிர் இல்லை என்றார். முன்னாடியே எச்சரிக்கை எதுவும் காட்டலையா என்று கேட்டார். காட்டியிருக்கிறது, பல மாதமாகக் காட்டியிருக்கிறது. கல்லாவுக்கு முன்னால் ஆட்கள் நிற்கும்போது வந்து நின்றதால் அப்பா ஒவ்வொரு முறையும் ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டார். எந்த வாடிக்கையாளரையும் பிறகு வா என்று சொல்லிப் பழகாத மனிதர், அத்தனை ‘பிறகு’களையும் சேர்த்து வைத்து மெஷினிடம் சொல்லியிருக்கிறார். சரி, நகல் இருக்கிறதே என்று பீரோவைத் திறந்து கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அந்தச் சின்னப் படம் மட்டும்தான் இருந்தது, கணக்கு ஒரு வரிகூட இல்லை. சார், வீட்டுச் சாவியோட போட்டோவைப் பத்திரமா வெச்சிருந்தீங்க என்று சொல்லிச் சிரித்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மென்பொருள் விற்றவர்களிடம் கேட்டால் பதிவு செய்த போன் எண்ணைச் சொல்லச் சொன்னார்கள், அது சித்தப்பா எப்போதோ தலைமுழுகிய எண். நீ ஒரு தடவையாவது அதைத் திறந்து பாத்திருக்கணும்ணே என்று சித்தப்பா அப்பாவுக்கே புத்தி சொன்னார். ஊருக்கு உபதேசம் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். நீயும் அங்கே எதையாவது நகல் எடுத்து வைத்தால் வேறொரு மெஷினில் போட்டுத் திறந்து பார்த்துவிடு கண்ணு.

அதற்குப் பிறகுதான் கூத்து. கடை நிறையத் துணி, ஒன்றுக்கும் ஆள் தெரியாது. தேய்ப்பவரைக் கேட்டால், எனக்குச் சட்டை தெரியும்மா, சட்டைக்குள்ள இருக்கற ஆளை யாரு பாத்தா என்கிறார். அப்பா உடனே கதவைத் திறந்து, உங்க துணி எதுன்னு நீங்களே பாத்து எடுத்துக்கங்க என்று சொல்லிவிட்டார். முதலில் வந்தவர்கள் நியாயமாகத்தான் எடுத்தார்கள். அப்புறம் மனித இயல்பு வேலைக்கு வந்தது. வக்கீல் ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்துப் போனார், அடுத்து வந்த வங்கி மேலாளர் அச்சு அசலாக அதே கோட்டை வர்ணித்தார். வக்கீலுக்கு அது கச்சிதமாக இருக்கிறது என்று கேள்வி, அதனால் வழக்கு அவர் பக்கம்தான். நல்ல துணிக்கெல்லாம் இரண்டிரண்டு சொந்தக்காரர்கள், முழங்கை கிழிந்ததற்கு ஒருவரும் இல்லை. இதையெல்லாம் அப்பா தாங்கிக்கொண்டார்.

தாங்க முடியாதது வேறு. ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். அவள் கணவன் ஒரு நீல ஸ்வெட்டரைச் சலவைக்குப் போட்டிருக்கிறான், திரும்ப வாங்க வரவில்லை, அதற்குள் விபத்தில் போய்விட்டான். வீட்டில் இருந்த மற்றதையெல்லாம் யார் யாரோ துவைத்து மடித்துத் தானம் கொடுத்துவிட்டார்களாம், இது ஒன்றுதான் மிச்சம். அப்பா இருந்த நீல ஸ்வெட்டர்களை எல்லாம் மேசையில் பரப்பினார். அவருக்குக் கை குட்டை, எப்பவும் மணிக்கட்டுல மடிச்சு விட்டிருப்பார், அந்த மடிப்பு இருக்கும் என்றாள். ஒன்றிலும் மடிப்பு இல்லை, நம் தேய்ப்பவர் ஆவி காட்டி எல்லாவற்றையும் புதிது போல நீவி வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் நம் கடைச் சோப்பு வாசனைதான். இத்தனை வருடம் எதைச் சொல்லிப் பெருமைப்பட்டோமோ, அதையெல்லாம் குறைவில்லாமல் செய்திருக்கிறோம்.

அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் உன் அப்பா பிழைத்திருப்பார். பரவாயில்லைங்க, நாளைக்கு வந்து இன்னொரு தடவை பாக்கறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். இப்போது கடை மூடிக் கிடக்கிறது, அவளுக்காக மட்டும் சாயங்காலம் ஷட்டரைத் தூக்குகிறார். பகலில் வீடு வீடாகப் போய், தப்பா நினைக்காதீங்க, நம்ம கடையிலேருந்து நீல ஸ்வெட்டர் ஏதாவது மாறி வந்துடுச்சா என்று கேட்கிறார். தப்பாகத்தான் நினைக்கிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள். நேற்று ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார், அதன் கை அவருக்கு அரை விரல்கடை நீளம் என்று அப்பாவுக்குப் பட்டிருக்கிறது. கேட்டதற்கு அவர், இது என்னுது இல்லைன்னு உங்க மெஷின்ல இருக்கா என்றாராம். அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டார். வந்து என்னிடம், அவருடையதாகவும் இருக்கலாம் இல்லையா என்று கேட்டார்.

எல்லாத்தையும் மேகத்துல, அதான் க்ளவுட்ல, ஏத்திடலாம்ணே என்று சித்தப்பா நேற்றும் போன் செய்தார். ஏற்றுவதற்கு இனி ஒன்றும் இல்லை. புதுக் கம்ப்யூட்டர் அனுப்புகிறேன் என்று நீயும் கிளம்பிவிடாதே, அப்பா அதன் பக்கம் திரும்பமாட்டார்.

மகராசியாக இரு, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு, என்ன வேண்டுமானாலும் பேசு. துணிதானேப்பா, விடுங்க என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா