உத்தரவு போட ஆளில்லாத சமையலறை

அத்தைக்கு வணக்கம். முட்டி வலி தேவலையா?

நேற்று ஒரு வீட்டுச் சமையலறையில் நாங்கள் நான்கே பேர்: குழாய் வேலை கற்றுத்தரும் வாத்தியார், வீட்டுக்கார அம்மா, உங்கள் பிள்ளை, சாப்பாட்டுப் பையோடு நான். உங்கள் பிள்ளைக்குக் குழாய் வேலையில் கடைசிப் பரீட்சை. சுவருக்குள் எங்கோ கசிவு.

“எங்க உடைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றார் வாத்தியார்.

பட்டாளத்தில் இருபது வருஷம் உத்தரவு கேட்டே பழகியவர் விறைப்பாக நின்று என்னைப் பார்த்தார்.

“என்னை ஏன் பாக்கிறீங்க? நான் என்ன மேஜரா?”

சிரித்துவிட்டார். சுவரில் காதை வைத்துக் கேட்டு ஓர் இடத்தைக் காட்டினார். உடைத்தால் அதே இடம்! பீச்சிய தண்ணீரில் நால்வரும் நனைந்தோம். சுவாமி புண்ணியத்தில் தேறிவிட்டார்.

திங்கள் முதல் தனியாக வேலைக்குப் போகிறார். வீட்டில் பேச ஆளிருக்காது எனக்கு. குழாய் அளவைப் படிக்க, அவர் அங்கே விட்டுவந்த மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே சீக்கிரம் பதில் எழுதுங்கள்.