கப்பல் வருவதைச் சொல்லும் குரல்

என் தங்கமான பிரிட்டோ அண்ணா,

உன்னை இடித்துக் கொன்ற கப்பலுக்கு, அந்த இடத்தில் நீ இருந்ததே தெரியாது என்று கோர்ட்டில் சொன்னார்கள். பனை உயர இரும்பு அது. உன் வள்ளத்தின்மேல் ஏறியபோது அதிலிருந்த யாருடைய கிளாசிலும் தேத்தண்ணிகூடச் சிந்தியிருக்காது. குளச்சலில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த உன் தங்கச்சிக்கு அப்போது இருந்தது ஒரே ஆசைதான். அந்தக் கப்பலை ஓட்டியவனின் கழுத்தை என் கையால் நெரிக்க வேண்டும்.

உன்னோடு வள்ளத்தில் போய் உயிரோடு திரும்பியவன் சூசை மட்டும்தான். விடிந்தும் விடியாத நேரம், மழை மூட்டம், எஞ்சின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை என்றான். மூட்டத்துக்குள்ளிருந்து கறுத்த சுவர் ஒன்று வந்திருக்கிறது. "சாடுலே, கடல்ல சாடு!" என்று கத்தி, அவன் பிடரியைப் பிடித்து நீ கடலில் தள்ளியிருக்கிறாய். மறுநொடி வள்ளம் பிளந்தது. கப்பலின் அடியில் சுற்றும் இரும்பு விசிறி உன்னை உள்ளே இழுத்துக்கொண்டது. தண்ணி சிவந்ததைச் சொல்லும்போது சூசைக்குப் பல் கிட்டித்துப் போனது.

சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பங்குச்சாமியார் அம்மையிடம் கெஞ்சினார். அம்மை திறந்தாள். உள்ளே என்ன பார்த்தாள் என்று நாங்கள் இன்றுவரை கேட்கவில்லை. ரொம்ப வலித்ததா அண்ணா?

அந்த வெறியோடுதான் இணையத்தில் தேட ஆரம்பித்தேன். பெரிய கப்பல்கள் எல்லாம் தாங்கள் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டேதான் போகுமாம். உன் வள்ளத்தில் அதைக் கேட்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். கைக்கு அடக்கமான ஒரு ரேடியோவையும் பழைய போனையும் வைத்து அதைக் கேட்கும்படி, சிலர் ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். எழுதுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது.

"உங்கள் மென்பொருள் என் அண்ணனைக் காப்பாற்றியிருக்குமா?" என்று கேட்டு எழுதினேன். பெங்களூரில் வேலை பார்க்கும் அனிர்பன் என்கிற வங்காளிப் பையன் பதில் போட்டான். "இப்போது இருக்கிற நிலையில், காப்பாற்றியிருக்காது. காப்பாற்றும்படி மாற்ற வேண்டும். நான் உங்கள் ஊருக்கு வரட்டுமா?"

லீவு போட்டு வந்தான். வந்த அன்றே அவனை நம் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள்.

கேஸை முடித்துக்கொள்ளலாம் என்று கப்பல் கம்பெனியின் ஏஜெண்டுகள் அந்த வாரம்தான் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். கரையே கொதித்துக் கிடந்தது. நான் சென்டரைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அனிர்பன் மணலில் ஒரு கம்பு நட்டு, ஏரியல் கட்டி, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். திரையில் கப்பல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. "யாருலே நீ?" என்று கேட்டவர்களுக்கு இங்கிலீஷில் ஏதோ சொல்லியிருக்கிறான்.

"லேய், கப்பல்காரனுக்க ஆளுலே இவன்!"

சூசை துடுப்பை ஓங்கிக்கொண்டு அலறியது எனக்குத் தெரு முக்கிலேயே கேட்டது. ஓடினேன். அனிர்பனின் வலது கை முறிந்த சத்தத்தையும் கேட்டேன். கீழே விழுந்தவனை மிதித்தார்கள். யாரோ லேப்டாப்பைக் கல்லைப் போட்டு நசுக்கினார்கள். நான் அவன்மேல் விழுந்து மறைத்தேன், என் முதுகிலும் ஒரு அடி விழுந்தது. "கொல்லாதீங்க! பிரிட்டோ அண்ணனுக்காக வந்தவன் இவன்!" என்று கத்தினேன். உன் பேரைக் கேட்டதும்தான் கைகள் நின்றன. அனிர்பனின் வாயிலிருந்து ரத்தம் மணலில் ஒழுகிக்கொண்டிருந்தது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு மறுநாள் சூசை வந்தான். சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, "என்னையும் அடிக்கச் சொல்லு மக்கா" என்றான். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். வீங்கிய வாயைத் திறந்து அனிர்பன் மெதுவாகச் சொன்னான்: "எஞ்சின் ஓடும்போது எங்கள் அலாரம் யாருக்கும் கேட்பதில்லை. அடிக்கும் முன்னால் இவர் ஒரு சத்தம் போட்டாரே, அது என் எலும்பு வரைக்கும் கேட்டது. அந்தக் குரல் எங்களுக்கு வேண்டும்."

போலீசில் புகார் கொடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டான். சூசையை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கூட்டிப் போய் என் போனில் பதிவு செய்தேன். முதலில் ஜெபம் சொல்கிறவன் மாதிரி முணுமுணுத்தான். "அண்ணன் முன்னால நிக்கான்னு நெனச்சிக் கத்து" என்றேன். "ஏலே, கப்பலு வருது! திருப்புலே! வள்ளத்தத் திருப்பு!" நர்ஸ்மார் பதறி ஓடிவந்தார்கள். அவன் தரையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான்.

அனிர்பன் கையில் கட்டோடு கிடந்தபோது, அவன் வேலையை முகம் தெரியாத ஆட்கள் ஏற்றுச் செய்தார்கள். நார்வேயில் வயதான ஒரு மாலுமி. சிலி நாட்டில் ஒரு பள்ளி டீச்சர். அவர்கள் சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும் அண்ணா! வள்ளங்களில் வைத்துக் கொடுத்த அலாரம், எந்தக் கப்பல் எங்கே போனாலும் அடித்ததால் நம் ஆட்கள் கடுப்பில் அதை அணைத்து வைத்துவிட்டார்கள். அதைச் சொன்னதும் அந்த டீச்சர் எல்லோரையும் கிழித்துவிட்டாள். "அணைத்துவைத்த அலாரத்தால் ஒருவர் செத்தால் கொன்றது நாம்தான்" என்று எழுதினாள். மோத வருகிற கப்பலுக்கு மட்டும் கத்தும்படி அந்தப் பகுதியை முதலிலிருந்து மாற்றி எழுதினாள். பகலெல்லாம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, கண்ணால் பார்த்திராத நம் கடலுக்காக அவள் எதற்கு ராத்திரி கண்விழித்து உட்கார வேண்டும்? நாம் அவளுக்கு என்ன கொடுத்தோம்?

போன ஆடியில் சூசை போன வள்ளத்தில் அந்த அலாரம் அவன் குரலிலேயே கத்தியது. கண்ணுக்கு எட்டிய தூரம் மூட்டம். "எனக்க சத்தமே எனக்க முதுகுல அடிச்சது மக்கா" என்றான். இழுத்த வலையைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு வள்ளத்தைத் திருப்பியிருக்கிறான். கப்பல் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் உறுமிக்கொண்டு போனது. அதன் அலை வள்ளத்தைக் குப்புறக் கவிழ்த்தது. ஒருத்தனுக்கு விலா எலும்பு போயிற்று, சூசைக்கு நெற்றி பிளந்து தையல். ஆனால் எல்லோரும் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். பின்னால் வந்த இன்னொரு வள்ளம் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது.

இதை எழுதிப் போட்டேன். அனிர்பன், "அழுதுகொண்டிருக்கிறேன்" என்று மட்டும் எழுதினான்.

செத்தவர்களுக்குப் பூசை வைக்கும் இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அம்மை உன் பேரோடு, மென்பொருள் எழுதியவர்கள் பேரையும் பூசைக்குக் கொடுத்தாள். சாமியார் குழம்பிப்போனார். "இவங்களும் செத்தவங்களா?"

"ஐயோ, இல்ல ஃபாதர். உயிரோட இருக்காவ. யாரு பெத்த பிள்ளைகளோ, நல்லா இருக்கட்டும்."

உன் பேருக்குப் பின்னால் அந்த வாயில் நுழையாத பேர்களைச் சாமியார் தட்டுத்தடுமாறி வாசித்தார். பெட்டியைத் திறந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மை கோயிலில் தலை நிமிர்ந்து நின்றாள்.

நானும் இப்போது அவர்களில் ஒருத்தி அண்ணா. கட்டுமரத்தில் போகிறவர்களுக்குப் பாட்டரி வைக்க இடமில்லை, போனும் நனைந்துவிடும். நனையாத, இடுப்பில் கட்டிக்கொள்கிற ஒன்றைச் செய்யப் பார்க்கிறோம். சத்தியமாகச் சொல்கிறேன், கடைசிக் கட்டுமரக்காரன் இடுப்பிலும் அதைக் கட்டிவிடாமல் நான் ஓயமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஜெனி