அழுத்தாதீர்கள் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் எழுதுவது. நீங்கள் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படியுங்கள்.

என் தையல் இணையதளத்தில் விளம்பரம் போடும் நிறுவனத்தார் அதை நிறுத்தினார்கள் அல்லவா, அது உங்களால்தான். படிக்க வருகிறவர்கள் தாங்களாக விரும்பி விளம்பரத்தை அழுத்தினால்தான் எனக்கு வருமானம். வேண்டியவர்கள் வேலை மெனக்கெட்டு அழுத்தினால் அந்த நிறுவனத்தின் பார்வையில் ஏமாற்று. குழந்தை கவுனுக்குச் சுருக்கம் வைப்பதைப் பற்றி மாங்கு மாங்கென்று எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் வந்ததும் வராததுமாக விளம்பரத்தை அழுத்துகிறவர்கள் அத்தனை பேரும் உங்கள் ஊர்தான் என்று தளத்தின் கணக்கு காட்டுகிறது. அங்கே உங்களை விட்டால் எனக்கு யாரப்பா இருக்கிறார்கள்?

நடைப்பயிற்சி நண்பர்களையும் கூட்டுச் சேர்த்தீர்களாமே! மொட்டைத்தலை மாமா பெருமையாகச் சொன்னார். ஏதோ டிராக்டர் விளம்பரத்தை அழுத்தி போன் நம்பரும் கொடுத்துவிட்டாராம். எப்போது வண்டி எடுக்கிறீர்கள் என்று டிராக்டர் விற்கிறவன் விடாமல் கூப்பிடுகிறானாம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அழுத்தியது என் அப்பா, விவரம் தெரியாமல் செய்துவிட்டார்" என்று நிறுவனத்துக்கு எழுதினேன். உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர்களும் இரக்கப்பட்டு மறுபடி விளம்பரம் போட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் நிரந்தரமாக மூடிவிடுவார்களாம். இன்று காலை பார்க்கிறேன், மறுபடியும் உங்கள் ஊரிலிருந்து! உங்கள் மாப்பிள்ளை ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் எழுந்து உட்காரவில்லை. இந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்தத் தளத்தால்தான் அப்பா.

போன வாரம் நான் கத்தியபோது, "நான் பணம் கொடுத்தா வாங்க மாட்டேங்கிற, வேற என்னதான்மா நான் செய்யறது" என்றீர்கள். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன், ஒன்றுமே செய்யாதீர்கள். தளத்தைத் திறக்கவே வேண்டாம். அம்மா போன பிறகு காலையில் எழுந்ததும் என்னைத் தேடித்தான் திறக்கிறீர்கள் என்று தெரியும். தேடினால் போன் பண்ணுங்கள். பேச விஷயம் இல்லாவிட்டாலும் பண்ணுங்கள். எந்த வேலையில் இருந்தாலும் எடுப்பேன்.

கையெடுத்துக் கும்பிடுகிறேன் அப்பா. உங்கள் கை என் தலைமேல் மட்டும் இருக்கட்டும்.

உங்கள் ஆசிக்காகக் காத்திருக்கும்
மகள்