கறிபாப் மாவில் நீ நடந்த தூரம்

என்னைவிட எப்போதும் நான்கு வயது மூத்தவளாக இருந்த என் அக்காவுக்கு,

இந்த வருடக் கடைசியில் எனக்கு நாற்பத்தொன்பது ஆகிறது. நீ நின்றுவிட்ட வயது. அதைத் தாண்டினால் நான் உனக்கு அக்கா ஆகிவிடுவேன். நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

நமக்குள் கடிதம் எழுதும் பழக்கம் இருந்ததில்லை. போனவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்புகிறவளும் நானில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், இரண்டு கைகூப்பும் படங்களைப் போட்டுவிட்டு அடுத்த காலை வணக்கத்துக்குப் போய்விடுவார்கள். அச்சில் வந்தால் படிப்பார்கள், யார் வீட்டு மானம் போகிறது என்று பார்ப்பதற்காகவாவது.

கிள்ளான் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். உன் வீட்டுக்காரர், மாமா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். உன் தொலைபேசியை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். ரமலான் நோன்பு மாதம் வந்தால், நீ மாவில் மடித்துப் பொரிக்கும் உருளைக்கிழங்குக் கறிபாப் கேட்டு அது அடிக்கிறது. "காக், கறிபாப் நூறு கிடைக்குமா?" என்று அக்கா முறை வைத்து மலாயில் கேட்கிறார்கள். இல்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார். ஏன் இல்லை என்று சொல்வதில்லை.

உனக்கு இனிப்புநீர் என்று, ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் முதலில் பதறியவள் உன் மகள் திவ்யாதான். நடையை எண்ணும் கைக்கடிகாரத்தை வாங்கி உன் கையில் மாட்டினாள். குடும்பக் குழுவில் தினம் எல்லாரும் அவரவர் எண்ணைப் போட வேண்டும் என்று சட்டம் போட்டாள். முதல் வாரத்திலிருந்தே நீதான் முதலிடம். பதினோராயிரம், பன்னிரண்டாயிரம். காப்பாரில் இருக்கும் சித்தப்பா, "இவ நடக்குற நடைக்கு ஜெஞ்சாரோம் வரைக்கும் போயிட்டு வந்துருவா போல" என்று எழுதுவார். கைதட்டும் படங்கள் வரிசையாக வரும்.

நான் மட்டும் கைதட்டவில்லை. ஷா ஆலம் உணவுத் தொழிற்சாலையில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்த்து, எந்த எண் நேரத்துக்கு நேரம் பார்த்து எழுதியது, எந்த எண் உட்கார்ந்த இடத்தில் மொத்தமாக எழுதியது என்று கண்டுபிடிப்பது. ஏற்ற இறக்கமே இல்லாத எண்ணை நான் நம்புவதில்லை. கிள்ளானில் வெள்ளம் ஏறிய நாளில்கூட நீ பன்னிரண்டாயிரம் போட்டிருந்தாய்.

அடுத்த சனிக்கிழமையே வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து கறிபாப் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாய். மேசைக்குக் கீழே உன் கால்கள் வீங்கியிருந்தன. பூரிக்கட்டை முன்னும் பின்னும் போக, வலது கையில் கடிகாரமும் கூடவே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது அதிர்ந்து, பத்தாயிரம் ஆயிற்று என்று வாழ்த்துச் சொன்னது.

"அக்கா, நீ உக்காந்துல்ல இருக்க?"

"கை நடக்குது லா. காலுக்கு லீவு."

நானும் சிரித்தேன். வெகுநேரம் சிரித்தோம். பிறகு நீ மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "திவ்யாகிட்ட சொல்லிடாதடி. புள்ள சந்தோஷப்படுது. இந்த ஆர்டர் முடியட்டும், சின்னவன் பரீட்சை முடியட்டும், நெசமாவே நடக்குறேன். இப்ப நான் நடக்கப் போனா இதெல்லாம் யாரு பாக்குறது? நீ வந்து பாப்பியா?"

உன் நாளை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலை ஐந்துக்கு எழுந்து மூன்று பிள்ளைகளை அனுப்பி, பள்ளி அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து, திரும்பி வந்து சமைத்து, டியூஷனுக்கு வண்டி ஓட்டி, அதற்கு மேல் ஆர்டர். எந்த ஒரு மணி நேரத்தை எடுத்து நடக்கச் சொல்வது? ஆகவே சொல்லவில்லை. கறிபாப் டப்பாவை வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வண்டியைக் கிளப்பினேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

சின்னவனின் பரிசளிப்பு விழாவன்று, மண்டபம் மூன்றாவது மாடியில். காலை எட்டரைக்கே நான்காயிரம் என்று குழுவில் படம் போட்டிருந்தாய். விடியலில் மாவு தேய்த்த கணக்கு அது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, "நீ முன்னால போ, அம்மா வரேன்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறாய். அவன் போய்விட்டான். மேடையிலிருந்து உன்னைத் தேடினானாம்.

உன் உடல் கூடத்தில் கிடக்கும்போது சித்தப்பா வாசலில் நின்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "தினம் பன்னெண்டாயிரம் நடந்தவளுக்கே இந்த கதி. நாம நடந்து என்னா ஆவப் போவுது?" நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சாவு வீட்டில் உன்னைப் பொய்க்காரி ஆக்குவதா என்று நின்றேன். அந்த மாதமே குழுவில் எண்கள் நின்றுபோயின. சித்தப்பா நடைக் காலணியைத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்று வருடம் இப்படியே போயிற்று. போன வாரம் திவ்யாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இருபத்தேழு வயதில் இனிப்புநீர், உனக்கு வந்ததைவிட இருபது வருடம் முன்னால். கைக்குழந்தை, வேலை, அப்பாவுக்கும் தம்பிக்கும் சேர்த்துச் சமையல். தொலைபேசியில் தினம் கொஞ்சம் நடக்கச் சொன்னேன்.

"சித்தி, எங்கம்மா நடக்காத நடையா? என்ன ஆச்சு? மாடிப்படியில உக்காந்த இடத்துல போயிட்டாங்க. வர்றது வரும், விடுங்க லா."

பின்னால் குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

அக்கா, உன் பொய்யை நான் பாதுகாத்தேன் என்று நினைத்திருந்தேன். அது இவ்வளவு நாளும் உன் வீட்டிலேயே இருந்து வளர்ந்திருக்கிறது. இப்போது உன் மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

உன் கடிகாரம் என்னிடம்தான் இருக்கிறது. திவ்யா எனக்குக் கொடுத்ததை அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். அன்று அதற்கு உயிர் கொடுத்து, கையில் கட்டி, சப்பாத்தி தேய்த்துப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே எண் ஏறியது. மாவு தீர்ந்த பிறகும் நான் கையை ஆட்டிக்கொண்டிருந்ததை என் மகள் மீரா பார்த்துவிட்டாள். "என்னம்மா, மாவே இல்ல, யாருக்குத் தேய்க்கிறீங்க?" என்றாள். பதினைந்து வயதில் எல்லாமே சிரிப்பு. நான் கழற்றி வைத்தேன். ஆனால் கழற்றுவதற்கு முன் எண்ணைப் பார்த்து ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்ததை உன்னிடம் மறைக்க முடியாது. எட்டு மணி நேரம் நாற்காலியிலும், இரண்டு மணி நேரம் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலிலும் உட்கார்ந்து வந்தவளுக்கு அது யாரோ தட்டிக்கொடுத்ததுபோல இருந்தது. உன்னை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அதனால்தான் பயமும் வந்தது.

முந்தாநாள் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் கெட்டுவிட்டது. ஐந்தாவது மாடிக்கு மீராவும் நானும் படியேறினோம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் என் நெஞ்சின் நடுவில் எதையோ வைத்து அழுத்தியதுபோல இருந்தது. கம்பியைப் பிடித்தேன்.

"என்னம்மா நின்னுட்டீங்க?"

"நீ முன்னால போ, வரேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. மீரா போய்விட்டாள். அவள் செருப்புச் சத்தம் மேலே மேலே போவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தத்தைத்தான் நீயும் கேட்டாயா? கூப்பிட்டிருந்தால் அவன் திரும்பியிருப்பான் என்று உனக்குத் தோன்றியதா? அல்லது விழா நாளில் பிள்ளையைப் பயமுறுத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாயா?

நான் கூப்பிட்டேன், அக்கா. இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. அவள் இறங்கி வந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

இருமுறை தள்ளிப்போட்ட இதயப் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை போகிறேன். மீராவும் வருவேன் என்கிறாள். முடிவு எப்படி வரும் என்று தெரியாது, நல்லதாக வரும் என்று நம்ப எனக்குக் காரணமும் இல்லை. சனிக்கிழமை கிள்ளானுக்கு வருகிறேன். இந்தக் கடிதம் அச்சில் வருமுன் திவ்யாவின் கையில் இருக்கும். அவள் அம்மா நடந்து சாகவில்லை, நடக்க ஒரு மணி நேரம் கிடைக்காமல் செத்தாள் என்று நானே சொல்வேன். உன்மேல் கோபப்படுவாள். என்மேல் அதைவிட அதிகம். படட்டும்.

அன்று நீ கேட்டாயே, "நீ வந்து பாப்பியா" என்று. அதற்கு இப்போதுதான் பதில் வருகிறது. சனிக்கிழமைகளில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வேன், அவள் போய் நடக்கட்டும். டாக்டர் விட்டால் நானும் சேர்ந்து நடப்பேன். கடிகாரம் என் அலமாரியிலேயே இருக்கும். வழியில் மூச்சு வாங்கினால் நிற்பேன். நின்றேன் என்று அவளிடம் சொல்வேன்.

நீ சொன்ன ஒரே ரகசியத்தை மூன்று வருடம் கூடுதலாகக் காத்துவிட்ட,
உன் தங்கை