இரண்டாவது கையெழுத்து

மார்லோ ஓடை, கென்டக்கி
27 மே 2005

அன்புள்ள தம்பி வென்டலுக்கு,

உங்கள் அண்ணி லோரீன் எழுதுவது. ஓஹையோவில் நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பதினோரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாமல், கடைசிவரை படியுங்கள்.

இங்கே நல்ல மழை. ஆனால் இந்த வருடம் நாங்கள் புகையிலை நாற்று நடவில்லை. சிகரெட் கம்பெனி பெரிய பண்ணைகளோடு மட்டும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. உங்கள் அண்ணன் அப்படியும் காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு காலி வயலில் போய் நின்றுவிட்டு வருகிறார்.

இவ்வளவுதான் விளைவிக்கலாம் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் இருந்த புகையிலைக் கோட்டாவை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அரசாங்கம் பத்து வருடத்துக்குப் பணம் தருவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மனு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் நிலம் மட்டும் இன்னும் மாமனார் பெயரிலேயே கிடக்கிறது. வாரிசுகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் மனுவை வாங்குவார்கள். ஜூன் பதினேழு கடைசி நாள். விவசாய அலுவலகத்தில் இருக்கும் பெண் தங்கமானவள். அவளே, "நீங்க இங்க உக்காந்து எவ்வளவு அழுதாலும் நான் என்னம்மா பண்ண முடியும்? தம்பி கையெழுத்து இல்லாம ஒண்ணும் நகராது" என்று சொல்லிவிட்டாள். பணம் வராவிட்டால் ஆகஸ்டில் பேங்க்காரர்கள் கடனுக்காக வீட்டை எடுத்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு எழுதலாம் என்று இவரிடம் சொன்னேன். "அவன் கால்ல போயி விழச் சொல்றியா? அப்பாவைப் புதைச்ச அன்னிக்குக் கோச்சுக்கிட்டுப் போனவன், ஒரு வரி எழுதுனானா? நான் செத்தாக்கூட வரமாட்டான்" என்றார்.

தம்பி, நீங்கள் எழுதினீர்கள். இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்தது. இரண்டையும் அவர் கண்ணில் காட்டாமல் நான்தான் அடுப்பில் போட்டேன். பாதி நிலத்தைக் கேட்டு எழுதியிருப்பீர்கள் என்ற பயம். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உறையிலிருந்த விலாசத்தை மட்டும் ஏனோ கிழித்து வைத்துக்கொண்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வந்தால் இரண்டு பேர் முன்னாலும் சொல்கிறேன். அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. செவ்வாய்க்கிழமை மான் சுடும் துப்பாக்கியை எடுத்து வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். மான் வேட்டைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. தோட்டாக்களை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருக்கிறேன். நேற்று என்னைக் கூப்பிட்டு, காப்பீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது, டிராக்டரை யாரிடம் விற்கலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு பொறுமை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. பிறகு தானாகவே, "வென்டல் விசிலடிச்சா அந்த முரட்டுக் கழுதை எங்க இருந்தாலும் ஓடி வரும், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். இத்தனை வருடத்தில் உங்கள் பெயரை அவர் வாயால் கேட்டது நேற்றுதான்.

உங்கள் பாதிப் பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் வேண்டுமென்றாலும் சரி. மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். நீங்களே கொண்டுவாருங்கள். பதினேழாம் தேதிவரை காத்திருக்க வேண்டாம், கடிதம் கிடைத்த அன்றே புறப்படுங்கள்.

வழியெல்லாம் கர்த்தர் உங்களோடு இருக்கட்டும். நீங்கள் வந்து சேரும்வரை அவர் இந்த வீட்டிலும் இருக்கட்டும்.

மன்னிப்பை எதிர்பார்க்கும் அண்ணி,
லோரீன்