இரண்டு எடிட்டர், ஒரு வேலை

நேற்று பொங்கோலில் தம்பி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெப்சைட் செய்கிற கம்பெனி அவளுடையது. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மேசையில் ஒரு பெரிய ஸ்கிரீன். அதில் இடப்பக்கம் புரோகிராம் எழுதித் திருத்துகிற ஒரு எடிட்டர், வலப்பக்கம் இன்னொன்று, இரண்டிலும் ஒரே புரோகிராம். இனிமேல் ஆபீஸில் எல்லாரும் எதைப் பயன்படுத்துவது என்று அவள்தான் முடிவு சொல்ல வேண்டுமாம். "அத்தை, நீங்க அந்தக் காலத்து புரோகிராமர். சொல்லுங்க லா, எது பெட்டர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

காப்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன். அவளுக்கு அது விளையாட்டு, உனக்கும் எனக்கும் அப்படி இருக்கவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தவள், இப்போது இந்தக் கேள்வியால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம், சிங்கப்பூர். சிசில் ஸ்திரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நம் ஆபீஸ். சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குச் சரக்குக் கணக்கும் சம்பளக் கணக்கும் போடுகிற புரோகிராம்களை எழுதிக் கொடுத்தோம். நீயும் நானும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். எனக்கு வாய் நீளம், உனக்கு அதைவிட நீளம். அதனாலேயே ஒட்டிக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

அப்போது எழுதிய புரோகிராமைத் திருத்துவதற்கு உன்னிடம் இருந்தது தட்டச்சு இயந்திரம் மாதிரி ஒரு டெர்மினல். அதற்குத் திரையே கிடையாது. முழு புரோகிராமையும் முன்கூட்டியே காகிதத்தில் அச்செடுத்து மடியில் வைத்துக்கொள்வாய். இத்தனையாவது வரியை நீக்கு, இத்தனையாவது வரிக்குப் பின்னால் இதைச் சேர் என்று எண்ணைச் சொல்லிக் கட்டளை அடிக்க வேண்டும். அது கடகடவென்று அந்த ஒரு வரியை மட்டும் அச்சடித்துக் காட்டும். மீதி எல்லாம் உன் மண்டைக்குள் இருக்க வேண்டும். எனக்கு வந்ததோ புது டெர்மினல், பச்சை எழுத்துத் திரை. புரோகிராம் கண்ணெதிரே தெரியும், வேண்டிய இடத்துக்கு நகர்ந்து போய் அங்கேயே மாற்றிவிடலாம். வந்த அன்றே நான் அதற்கு அடிமை.

தேக்கா மார்க்கெட்டில் சாப்பிடும்போதுகூட இதுதான் சண்டை. "டிவி பாக்குறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்பாய். உன் எடிட்டரில் வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தலை வாருவது மாதிரி என்பேன் நான். நீ விடமாட்டாய். உன்னுடையதில் செய்தது எல்லாம் காகிதத்தில் நிற்கிறது, யார் எப்போது கேட்டாலும் காட்டலாம். என் திரையில் ஒரு விசையைத் தவறி அழுத்தினால் ஒரு வரி முழுசாக மறையும், மற்ற வரிகள் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும், அங்கே ஏதோ இருந்தது என்பதே தெரியாது என்று மீன் குழம்புக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாய். அதில் நியாயம் இருந்தது. ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

உன்னிடம் ஒரு விதியும் இருந்தது. திருத்தங்களைக் கீழிருந்துதான் மேலே செய்துகொண்டு வர வேண்டும். மேலே ஒரு வரியை எடுத்துவிட்டால் கீழே இருக்கிற வரிகளின் எண்கள் எல்லாம் ஒன்று குறைந்துவிடும். மடியில் இருக்கிற காகிதம் அந்த நொடியிலிருந்து பொய் சொல்லும். கடைசித் திருத்தத்தில் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. புதிதாக வந்த ஒவ்வொருவரையும் இதைச் சொல்லிச் சொல்லியே நீ படுத்தி எடுத்தாய்.

அந்த வருஷம் ஆபீஸுக்கு வேலை குறைந்தது. ஒருநாள் மேலாளர் நம் இருவரையும் கூப்பிட்டார். ஒரு புரோகிராமரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். அதோடு, ஆபீஸ் முழுக்க ஒரே எடிட்டராக மாற்றப் போவதாகவும் சொன்னார். இரண்டையும் ஒரே பரீட்சையில் தீர்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஒரே புரோகிராம், ஒரே திருத்தங்கள், நீ உன்னுடையதில், நான் என்னுடையதில். வெள்ளிக்கிழமை பிற்பகல். கெட்ட மனிதர் இல்லை அவர். இது நியாயமான ஏற்பாடு என்று உண்மையாகவே நம்பினார்.

உனக்கு அந்த வேலை எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணன் மலேசியாவின் ஈப்போவில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டு, பாதிரியாரிடமும் பேசிவிட்டு, உன் சம்மதத்துக்குக் காத்திருந்தார். சம்பளம் கொண்டுவருகிறவரைதான் அவர் வாயைத் திறக்கமாட்டார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எனக்கு எதற்கு வேண்டும் என்று உனக்கும் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா நெஞ்சு நோயோடு படுத்துவிட்டார், தம்பி பள்ளியில் இருந்தான், வீட்டில் வேறு யாருக்கும் வருமானம் இல்லை.

அந்த வாரம் நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தேக்காவுக்குத் தனித்தனியாகப் போனோம். புதன்கிழமை நீ திடீரென்று பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாய், அப்பாவைப் பார்க்க என்று. ஆரஞ்சுப் பழங்களைக் கட்டில் ஓரத்தில் வைத்தாய். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து, பேசவந்ததைப் பேசாமலே எழுந்தாய். படியில் இறங்கும்போது என்னைப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை நல்லா செய்யி" என்றாய். நீயும் என்றேன். பொறாமையும் பயமும் அன்பும் ஒன்றாக வந்தன எனக்கு.

வெள்ளிக்கிழமை. மேலாளர் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். உன் டெர்மினல் கடகடவென்று தொடங்கியது. எண்ணை முணுமுணுத்துக்கொண்டே அடிப்பது உன் பழக்கம், அதுவும் தமிழில். அந்த அறையில் அது என் ஒருத்திக்குத்தான் புரியும்.

"பன்னெண்டு" என்றாய். சற்றுப் பொறுத்து, "முப்பத்தொண்ணு." பிறகு, "நாப்பத்தாறு."

என் விரல்கள் நின்றுவிட்டன. நீ மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தாய். பன்னிரண்டாவது வரியை எடுத்ததோடு காகிதத்தில் இருக்கிற முப்பத்தொன்று முப்பதாகிவிட்டது. நீ எடுத்தது வேறு எதையோ. அடுத்ததும் அப்படித்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நீ அந்தத் தவறைச் செய்யமாட்டாய். ஆபீஸில் இருந்த நாற்காலிக்குக்கூட அந்த விதி தெரியும்.

நான் பேசாமல் இருந்தால் வேலை எனக்கு. அதை நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அப்பாவின் மருந்து நினைவுக்கு வந்தது, தம்பியின் பள்ளிச் சட்டை வந்தது, உடனே ஈப்போவும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கோபம் வந்தது, அப்படி ஒரு கோபம். எழுந்து நின்றுவிட்டேன். அவள் முறையைத் தப்பாகத் தொடங்கியிருக்கிறாள், இருவரும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று மேலாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

நீ தலையைத் திருப்பவில்லை. "உக்காருடி" என்றாய் மெதுவாக. "உன் வேலையைப் பாரு."

நான் உட்காரவில்லை. நிறுத்தினால் தோற்றதாகத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார் மேலாளர். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார், திங்கட்கிழமை காலை முதலிலிருந்து செய்யலாம், வாருங்கள் என்று எழுந்து போனார்.

மாடிப்படியில் உன்னை மறித்தேன். பதற்றத்தில் மறந்துபோச்சு என்று என்னிடமே கதை விட்டாய். என் கண்ணைப் பார்த்துச் சொல் என்றேன். நீ பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பாவை யாருடி பாத்துக்குவாங்க?" என்றாய்.

"நான் பாத்துக்குவேன். உன் பிச்சை எனக்கு வேணாம். திங்கக்கிழமை நீ இன்னொரு தடவை இப்படிச் செஞ்சின்னா, சத்தியமா உன் முகத்துல முழிக்கமாட்டேன்."

பிச்சை என்ற வார்த்தை உன்னை எங்கே தைத்தது என்று பார்த்தேன். படியிறங்கிப் போனாய். ஞாயிற்றுக்கிழமை நீ கோயிலில் என்ன வேண்டிக்கொண்டாய் என்று பின்னால் எத்தனையோ தடவை கேட்டும் சொல்லவில்லை.

திங்கள் காலை உன் முதல் எண், "நானூத்திப் பத்து." அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிறகுதான் பயம் பிடித்தது. எண்கள் இறங்க இறங்க என் வேலையும் கையைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள். வெறியோடு அடித்தேன். உனக்குப் பாதி வழி இருக்கும்போதே என் திருத்தங்கள் முடிந்துவிட்டன. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

இரண்டு புரோகிராமையும் ஓட்டிப் பார்த்தார்கள். உன்னுடையது ஓடியது. என்னுடையது நடுவில் நின்றது. ஒரு வரி காணவில்லை. அவசரத்தில் எங்கோ ஒரு விசையை ஒருமுறை கூடுதலாக அழுத்தியிருக்கிறேன். வரி மறைந்தது, மற்றவை நெருங்கி உட்கார்ந்துகொண்டன, நான் பார்க்கவில்லை. மேலாளர் முடிவைச் சொன்னார். ஆள் நீ. எடிட்டர் என்னுடையது, ஏனென்றால் வேகம் அதில்தான். நீ என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது.

அடுத்த மாதம் நான் சிராங்கூன் ரோட்டில் மாமாவின் துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். நீ ஆபீஸிலிருந்து கடைக்கு போன் செய்வாய், எந்த விசையை அழுத்தினால் திரை கீழே நகரும் என்று கேட்டு. ஒரு தோளில் போனும் மறு தோளில் பட்டுச் சேலையுமாக நான் சொல்லிக் கொடுப்பேன். மாமா முறைப்பார். "இந்த டிவி பொட்டியைக் கண்டாலே எரிச்சலா வருது லா" என்று நீ திட்டும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும். அப்பாவைச் சமாளித்தோம், எப்படியோ. தம்பி படிப்பை நிறுத்தவில்லை. பிறகு எனக்கும் வேறொரு ஆபீஸில் இடம் கிடைத்தது. ஈப்போ மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். நீ உனக்குப் பிடித்தவரை, உனக்கு வேண்டிய நேரத்தில் கட்டிக்கொண்டாய். அந்த வேலையிலேயே உயர்ந்து உயர்ந்து ஒரு பிரிவுக்கே தலைவியானாய்.

ஆனால் நீ அன்றிலிருந்து ஒன்றைப் பிடித்துக்கொண்டாய். அந்த வரியை நான் வேண்டுமென்றே அழித்தேன் என்று. நீ செய்யவந்ததை நான் உன்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டேன் என்று. இல்லை என்று எத்தனை தடவை சொன்னேன். உன் தவறை நீயே வாய்விட்டுச் சொன்னாய், அது காகிதத்திலும் அச்சாகி நின்றது. என் தவறுக்கு எங்கேயும் தடயமில்லை. என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது. நீ ஓய்வுபெற்ற விருந்தில் மைக்கைப் பிடித்து, இந்த நாற்காலி என் தோழி கொடுத்தது என்றாய். எல்லாரும் எழுந்து நின்று எனக்குக் கை தட்டினார்கள். உன்னைக் கொல்லலாம் போலிருந்தது.

மருத்துவமனையிலும் கேட்டாய். "இப்பவாச்சும் உண்மையச் சொல்லேன்." நான் உன் காதருகே குனிந்து, நீதான் ஜெயித்தாய், நான் தோற்றேன், உன் கை சுத்தமாக வேலை செய்தது, என் கை தவறியது என்று சொன்னேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாய். "சரி, அப்படியே வச்சுக்குவோம்."

எனக்கு ஆறவில்லை. அந்த வேலை உன்னுடையது. அந்த வருஷங்கள், அந்தப் பதவி, அண்ணனிடம் நிமிர்ந்து பேசிய பேச்சு, எல்லாம் உன் கையால் நீ வாங்கியவை. யாரோ போட்டதைத் தின்றவளாக உன்னை நீயே நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாயே என்பதை என்னால் தாங்க முடியவில்லை. உன்னைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் உன் மகள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அம்மா எல்லாம் சொல்லியிருக்கிறார்கள் என்றாள், அழுதாள், நன்றி சொன்னாள். அப்படி இல்லைம்மா, உன் அம்மாதான் ஜெயித்தாள் என்றேன். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.